மெல்லிசை மேடையில் பாடுகிறவருக்கு சினாட்ராவும் பில்லி ஹாலிடேவும் எதற்கு?

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடம் வாய்ப்பாட்டு கற்றும், திருவிழா மேடையில் மைக்கைப் பிடித்தால் கத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்கிறார்களாம். யாரோ அமெரிக்கப் பாடகர் சினாட்ராவையும் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயையும் கேட்கச் சொல்ல, ஒரு மாதம் கேட்டும் பார்த்துவிட்டீர்கள். "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கால அமெரிக்கர்களுக்கும் இன்றைய பாட்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? எனக்கு இதில் என்ன உபயோகம்?" என்பது கேள்வி. வரலாறு கேட்கிற மாதிரி இருந்தாலும், உங்களுக்கு வேண்டியது மைக்கில் எப்படிப் பாடுவது என்பதுதான். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருப்பதால் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மைக்குக்கு வருகிறேன்.

1925 வரை இசைத்தட்டுக்குப் பாடுவது என்றால் ஒரு பெரிய கூம்பின் வாயில் முகத்தை வைத்துப் பாடுவது. குரலின் காற்றே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். மெல்லப் பாடினால் ஊசி அசையாது. அந்த வருடம் அமெரிக்காவில் மின்சாரப் பதிவு வந்தது. மைக் குரலைப் பிடித்துக்கொள்ள, ஊசியை அசைக்கும் வேலையை ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொண்டது. கடைசி வரிசை வரை குரலைத் தள்ள வேண்டிய கட்டாயம் அத்தோடு போயிற்று. இந்த வசதியை முதலில் முழுக்கப் புரிந்துகொண்டவர்களில் பிங் கிராஸ்பிதான் பெரிய பெயர். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குக் குரலை இறக்கி, அதையே நாடு முழுக்க வானொலியில் கேட்க வைத்தார். நம் பக்கம் நாடக மேடையில் ஆண்கள் ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் பாடிய காலம் அது. மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதர் அந்த மேடையிலிருந்து வந்த குரல். பிறகு படப்பாட்டில் ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ் என்று காதோரம் பாடும் குரல்கள் வந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு குரல் ஒரே சாயலில் இருந்தால் உடனே "அவரைக் கேட்டு இவர் பாடினார்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே கருவியைக் கையில் எடுத்த இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி பாட, ஒருவரை ஒருவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. சுருதி இறங்கியதற்கெல்லாம் மைக்தான் காரணம் என்பதும் சரியில்லை. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, நாலரை, ஐந்து கட்டையில் ஒலித்த திமிரி நாயனத்தை விட்டுவிட்டு, நரசிங்கம்பேட்டை ஆசாரியின் கைவேலையில் நீளமான பாரி நாயனத்தை இரண்டு, இரண்டரை கட்டைக்குக் கொண்டுவந்தார். அதற்கு மைக்கா காரணம்? வாய்ப்பாட்டின் குழைவும் சுத்த மத்யமமும் அவருக்கு வேண்டியிருந்தது.

தாக்கம் என்று உறுதியாகச் சொல்ல, பாடினவரே சொல்லியிருந்தால் நல்லது. பெஸ்ஸி ஸ்மித்தின் பெரிய குரலும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் உணர்ச்சியும் தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டதாக பில்லி ஹாலிடே சொல்லியிருக்கிறார். தன்மேல் மிகப் பெரிய தாக்கம் பில்லி ஹாலிடேதான் என்று சினாட்ரா 1958-ல் எபனி பத்திரிகையில் சொன்னார். ரே சார்லஸ் ஆரம்பத்தில் நாட் கிங் கோலைப் போலவே பாடிக்கொண்டிருந்து, 1954-ல் தேவாலயப் பாட்டின் கூவலைக் காதல் பாட்டில் இறக்கினார். தேவாலயப் பாட்டும் காதல் பாட்டும் கலந்த சோல் இசைக்கு அது ஒரு வாசல். அரீத்தா ஃபிராங்க்ளின் அந்தத் தேவாலயக் குரலை 1967-ல் வீட்டுக்கு வீடு கேட்க வைத்தார். இன்று டிவி பாட்டுப் போட்டிகளில் ஒரு எழுத்தில் பத்து சுரத்தை உருட்டுகிறார்களே, அது பெரும்பாலும் அந்த வழி வந்தது. பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ், சாரா வானையும் டைனா வாஷிங்டனையும் கேட்டு வளர்ந்ததை மறைத்ததே இல்லை.

கருவியின் வழியாக வந்த தொடர்பும் உண்டு. நேரடி ஒலிபரப்பில் சலித்துப்போன கிராஸ்பி 1947-ல் தன் வானொலி நிகழ்ச்சியைக் காந்த நாடாவில் பதிவு செய்ய ஆரம்பித்தார், நாடாப் பதிவுக் கருவி செய்த ஆம்பெக்ஸ் நிறுவனத்துக்கு 50,000 டாலரும் கொடுத்தார். வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் இன்றைய பதிவுமுறை முழுக்க அந்த நாடாவிலிருந்து கிளம்பியது. 2019-ல் பில்லி ஐலிஷ் வீட்டுப் படுக்கையறையில் கிசுகிசுத்துப் பதிவு செய்த ஆல்பத்தைக் கேட்டீர்களானால், கிராஸ்பி போட்ட பாதையின் கடைசி வளைவு மாதிரி இருக்கும். ஆக, தொடர்பு உண்டு.

இனி உங்கள் மைக். மேடையில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஷ்யூர் எஸ்எம்58 அல்லது அதன் நகல். முன்னால் வருவதைப் பிடிக்கும், பின்னால் வருவதை விடும். இதில் உதடு வலைக்கு 3 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது இன்னும் 3 செ.மீ. விலகினால் ஒலி அழுத்தம் பாதியாகக் குறையும், அதாவது 6 டெசிபெல். 30 செ.மீ. தூரத்தில் அதே 3 செ.மீ. விலகல் ஒரு டெசிபெல்கூட ஆகாது. பக்கத்தில் நின்றால் கழுத்தின் சின்ன அசைவுகூட வால்யூம் திருகாகிவிடுகிறது. சினாட்ரா மைக் ஸ்டாண்டை முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டே பாடியது இதற்காகத்தான். கீழ் ஸ்தாயி, மெல்லிய சொல் வரும்போது இரண்டு விரல் அகலம். மேல் ஷட்ஜத்தை (மேல் 'ஸ') தொடும்போது ஒரு சாண். தலையைத் திருப்பக் கூடாது, கையை நீட்ட வேண்டும். திருப்பினால் சத்தம் குறைவதோடு குரலின் நிறமும் மாறும்.

நெருங்கினால் அடித்தொனி கூடும் என்பது இந்த வகை மைக்கின் குணம். பத்து செ.மீ.க்குள் வந்ததும் குரலுக்கு ஒரு கனம் ஏறும். கத்துகிற மாதிரிக் கேட்பதற்கு முதல் மருந்து இதுதான். வாய்ப்பாட்டு வகுப்பில் மைக் இல்லாமல், தம்பூராவுக்கு மேல், கூடப் பாடுகிறவர்களுக்கு மேல் கேட்கும்படிப் பழகியிருப்பீர்கள். திருவையாற்றுப் பந்தலில் நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்ந்து பஞ்சரத்னம் பாட அந்தக் குரல் வேண்டும். அதே அழுத்தத்தோடு மைக்குக்கு முன்னால் நின்றால், மைக்செட்காரர் உங்கள் திருகைக் குறைத்துவிடுவார். கனம் போய்விடும், கூர்மை மட்டும் மிஞ்சும். ஒத்திகையில் பேசுகிற அளவு குரலில், இரண்டு விரல் தூரத்தில் பாடிக் காட்டி, அதற்கு ஏற்ப அளவு வைக்கச் சொல்லுங்கள். பலர் ஒத்திகையில் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கத்திவிட்டு, மேடையில் மெல்லப் பாடி மாட்டிக்கொள்கிறார்கள்.

மைக் தலையைக் கையால் மூடிப் பிடிப்பது இப்போது ஒரு ஸ்டைல். அந்த வலைக்குப் பின்பக்கம் இருக்கும் துளைகள்தான் பின்னால் வரும் சத்தத்தைத் தள்ளிவிடுகின்றன. அவற்றை அடைத்தால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், உடனே ஊளையிடும். பிடி நடுத்தண்டில் இருக்கட்டும். உங்கள் குரலை உங்களுக்கே கேட்கவைக்கும் மானிட்டர் பெட்டி மைக்கின் வால் பக்கத்துக்கு நேர் பின்னால், உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். பகரத்தின் காற்று மோதி "டொப்" என்று கேட்டால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் வாயின் ஓரமாகச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். நம் பகரத்தில் ஆங்கிலத்தின் அளவுக்குக் காற்று வராது. தெலுங்குக் கீர்த்தனையின் "ப⁴வ", "ப⁴ய" போன்ற கனத்த பகரத்தில்தான் கவனம் வேண்டும். எக்கோ விஷயத்தில் நம் ஊர் மைக்செட்காரர்களுக்குத் தாராள மனசு. அந்தத் திருகைக் கால் பங்குக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். மெல்லப் பாடுகிறவருக்குச் சொல் தெளிவுதான் முதல், எக்கோ அதைத்தான் முதலில் தின்னும்.

டெல்டாவில் இன்னொரு தலைவலி உண்டு, அமெரிக்கப் பாடகர் எவரும் அதைச் சொல்லித்தர மாட்டார். மேடைக்கு இரண்டு பக்கமும் பெட்டி ஸ்பீக்கர் வைத்திருந்தாலும், சன்னதித் தெருவிலும் குளத்தங்கரையிலும் தென்னை மரத்திலும் கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டியிருப்பார்கள். கூம்பில் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. ஒரு கட்டை ஷட்ஜம் ஆண் குரலில் 131 ஹெர்ட்ஸ். பெண் குரலின் ஐந்து கட்டை ஷட்ஜமே 196 ஹெர்ட்ஸ்தான். ஆக, நீங்கள் பாடுகிற அடிச்சுரம் அந்தத் தெருவுக்குப் போவதே இல்லை, மேலே உள்ள இணைத்தொனிகளை வைத்துக் காதுதான் அதை ஊகித்துக்கொள்கிறது. கிராஸ்பி பாணியின் அடிக்கனமும் மூச்சுக் கலந்த மென்மையும் கூம்பில் சுத்தமாகக் காணாமல் போகும். சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஹனிஃபா குரல்கள் இந்தக் கூம்புகளை ஜெயித்ததற்குக் காரணம் கணீரென்ற மேல்தொனியும் மெய்யெழுத்தை நறுக்கென்று உச்சரித்ததும். எனவே பெட்டி ஸ்பீக்கர் உள்ள கல்யாண மண்டபத்தில் சினாட்ரா பாடம். கூம்பு கட்டிய தேரடியில் சீர்காழி பாடம். ஒரே ராத்திரியில் இரண்டும் இருந்தால் கூம்புக்குப் போகும் வயரைப் பாட்டு நேரத்தில் குறைத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள், சில இடங்களில் சம்மதிப்பார்கள். விழாக் கமிட்டிக்குச் சத்தம்தான் மரியாதை என்பதால் பல இடங்களில் நடக்காது.

அடுத்தது சுருதி. மெல்லிசைக் குழுவில் "ஒரிஜினல் கட்டையில்தான் பாடணும்" என்று ஒரு வீம்பு உண்டு. ஜாஸ் பாடகர் அந்த வீம்பை ஏற்க மாட்டார். ஒரே பாட்டை ஜாஸ் பாடகி எல்லா (Ella) ஃபிட்ஜெரால்டு ஒரு சுருதியில், சினாட்ரா இன்னொரு சுருதியில், நாட் கிங் கோல் வேறொன்றில் பாடுவார்கள். பாட்டின் முக்கியமான வரி அவரவர் பேச்சுக் குரலுக்குப் பக்கத்தில் விழ வேண்டும் என்பதுதான் கணக்கு. உங்களுடையதைக் கண்டுபிடிக்க, யாராவது கேட்டதற்கு "ம்ம்" என்று ஆமோதிப்பீர்களே, அந்த "ம்ம்" எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று கீபோர்டில் பாருங்கள். பல்லவியின் பெரும்பகுதி அந்தச் சுரத்திலிருந்து மேலே நாலைந்து சுரத்துக்குள் வரும்படி பாட்டை இறக்குங்கள். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானின் ஒவ்வொரு அழுத்தலும் அரைச்சுரம். ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்கு இரண்டு அழுத்தல்; ஆனால் மூன்றிலிருந்து நான்கு கட்டைக்கு ஒன்றுதான், இங்கே பலர் தப்பு செய்கிறார்கள். இறக்கினால் சரணத்தின் அடிவரி பாதாளத்துக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது, ஆனால் மைக் நெருக்கம் அந்த அடிவரியைத் தூக்கிக் கொடுக்கும். தாங்காவிட்டால் ஓர் அழுத்தல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மூச்சுக்கு வருவோம். சினாட்ரா 1940 தொடங்கி இரண்டரை வருடத்துக்கு மேல் டாமி டார்ஸியின் குழுவில் பாடினார். டார்ஸி டிராம்போன் என்ற ஊதுகருவியை வாசிக்கும்போது மூச்சு எடுப்பதே தெரியாமல் வரியை வரியோடு கோப்பதைப் பார்த்து, தானும் நுரையீரலைப் பழக்கிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நீளமான மூச்சு மட்டுமல்ல, அதை எங்கே விடுவது என்பதும்தான். பாட்டை முதலில் பேச்சாக எழுதிப் படியுங்கள். பொருள் எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் கோடு. மெட்டு இடைவெளி விட்டிருந்தாலும் கோடு இல்லாத இடத்தில் மூச்சு எடுக்காதீர்கள். "உன்னைக் காணாத" என்று மூச்சு விட்டு "நாளெல்லாம்" என்று தொடங்கினால் வாக்கியம் செத்துப்போகும். பயிற்சிக்கு, நாலு எண்ணிக்கையில் மூக்கால் இழுத்து, "ஸ்ஸ்" என்று ஒரே சீராகப் பதினாறு எண்ணிக்கைக்கு விட்டுப் பாருங்கள். கடைசி நாலில் சத்தம் தள்ளாடினால், ஆரம்பத்தில் காற்றை வாரி இறைத்திருக்கிறீர்கள். தோள் ஏறினால் மூச்சு மேல்நெஞ்சில் நிற்கிறது. இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் விரிய வேண்டும்.

இந்த வகைப் பாடகர்கள் நீட்ட வேண்டிய இடத்தில் உயிரெழுத்தில் மட்டும் நிற்பதில்லை, ம, ன, ல ஒலிகளிலும் நின்று ரீங்கரிப்பார்கள். தமிழுக்கு இது வரப்பிரசாதம், நம் சொற்களில் பல ம், ன், ண், ள் என்று முடிகின்றன. "மனம்" என்று வந்தால் அகரத்தைச் சட்டென்று விட்டு, மகர மெய்யில் உதட்டை மூடி நில்லுங்கள். மைக் பக்கத்தில் இருந்தால் அந்த ரீங்காரம் முழுதாக விழும். ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பள்ளமும் இங்கே உண்டு. அவர்கள் எந்த உயிரையும் இழுக்கலாம். நாம் குறிலை இழுத்தால் சொல்லே மாறும்: "மலை" மாலையாகும், "கண்" காண் ஆகும், "பல்" பால் ஆகும். வரியைத் தாமதிக்க வேண்டுமென்றால் நெடிலிலோ மெய்யிலோ தாமதியுங்கள். குறில் வந்தால் அதைச் சீக்கிரம் தாண்டி, அடுத்த ஒற்றில் நில்லுங்கள். இது தெரியாமல் மேல்நாட்டுப் பாணி என்று பாடுகிறவர்கள்தான் "தமிழைக் கொல்றான்" என்று பெயர் வாங்குகிறார்கள்.

பில்லி ஹாலிடேயிடம் கேட்க வேண்டியது காலம். அவர் குரலின் வீச்சு ஒரு ஸ்தாயியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மெட்டைத் தட்டையாக்கி, நாலு சுரத்துக்குள் சுருக்கி, சொல்லைத் தாளத்துக்குப் பின்னால் வைத்து அத்தனை வலியையும் சொன்னார். தாளத்துக்கு முன்னாலோ பின்னாலோ பாட்டைத் தொடங்கும் அதீத, அனாகத எடுப்பு நமக்குப் பழக்கம்தான், ஆனால் அங்கே எடுப்பு எத்தனை அட்சரம் தள்ளி என்பது நிச்சயிக்கப்பட்டது, ஒவ்வொரு ஆவர்த்தனமும் அதே இடம்தான். இவரோ ஒவ்வொரு வரியையும் வேறு வேறு அளவு தாமதித்து, வரி முடிவதற்குள் சொற்களை நெருக்கித் தாளத்தைப் பிடித்துவிடுவார். பழகும் விதம்: எட்டு எண்ணிக்கை வரும் ஒரு வரியைக் கரோக்கியோடு முதலில் சரியான இடத்தில் பாடுங்கள். அடுத்து அரை எண்ணிக்கை கழித்துத் தொடங்கி, கடைசிச் சொல்லை மட்டும் சரியான இடத்தில் இறக்குங்கள். பிறகு ஒரு முழு எண்ணிக்கை. தாமதத்தை வரியின் கடைசி வரை இழுத்துக்கொண்டு போனால் அது பாணி இல்லை, தாளம் தப்பியது. கேட்கிறவருக்கு இரண்டும் வேறு என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

மேடையில் இதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, உங்கள் தாள வாத்தியக்காரர். நம் ஊரில் பாடகருக்கு அனுசரித்துப் போவதுதான் பக்கவாத்திய தர்மம். நீங்கள் பின்வாங்கினால் டோலக்கும் ரிதம் பேடும் அன்போடு பின்வாங்கும், பத்து வரியில் பாட்டு நடை தளர்ந்து ஊர்வலம் ஆகிவிடும். "நான் எங்கே போனாலும் நீங்க வராதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கரோக்கியில் பழகச் சொன்னது அது உங்களுக்காக நிற்காது என்பதால்தான். இரண்டாவது, அதே கூம்பு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளிக் கட்டிய கூம்பின் சத்தம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி உங்கள் காதுக்கு வரும். நிமிஷத்துக்கு 120 எண்ணிக்கை நடையில் இது ஓர் எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு. தன் குரலைக் கூம்பில் கேட்டுக்கொண்டு பாடுகிறவர் தானே அறியாமல் இழுபடுவார். காது மானிட்டரிலும் டோலக்கிலும் இருக்கட்டும், தெருவை மறந்துவிடுங்கள்.

ஜாஸின் துள்ளல் நடையான ஸ்விங் என்பதைப் பற்றி நிறைய மாயப் பேச்சு உண்டு. நடுத்தர வேகத்தில் அதன் அடிப்படை நமக்குத் தெரிந்த திஸ்ர நடைதான்: ஒரு எண்ணிக்கைக்குள் தகிட, நடுவில் உள்ள "கி"யை விழுங்கி "தா..ட, தா..ட" என்று சொன்னால் நீளம், குட்டை என்று இரண்டுக்கு ஒன்று விகிதம் வரும். வேகம் ஏற ஏற இரண்டும் சமமாகிக்கொண்டே போகும், மெதுவான பாட்டில் இன்னும் நொண்டும். அதனால் திஸ்ரத்தை இயந்திரம் மாதிரி எல்லா வேகத்திலும் வைத்தால் பாண்டு வாத்தியம் மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, எடை முதல் எண்ணிக்கையில் இல்லை, இரண்டிலும் நான்கிலும் இருக்கிறது. பாட்டு நடை 80 என்றால் சீராக டிக் அடிக்கும் மெட்ரோனோமை 40-ல் வையுங்கள். அதன் ஒவ்வொரு "டிக்"கையும் இரண்டு, நான்கு என்று எண்ணிப் பாடுங்கள். சமத்தில் கைதட்டிப் பழகிய உடம்புக்கு இது ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும்.

கமகத்தில் உங்களுக்குப் பலமும் உண்டு, பொறியும் உண்டு. கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் பாட்டில் கீபோர்டு அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும் சேர்ந்த கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாடுகிறவர் அதன்மேல் சாதாரண காந்தாரத்தையோ, இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில் ஒரு இடத்தையோ தொட்டு வழுக்குவார். அந்த உரசல்தான் சுவை. கீபோர்டில் கிடைக்காத அந்த இடம் உங்கள் தொண்டைக்குச் சுலபம். ஆனால் கார்டு வைத்த பாட்டில் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் கீர்த்தனை மாதிரி ஆட்டினால் கார்டோடு ஒட்டாமல் அபசுரமாகவே கேட்கும். சுரத்தை முதலில் ஆடாமல் நேராக வையுங்கள், முக்கால்வாசி நேரம் அப்படியே நிற்கட்டும், முடிகிற தறுவாயில் மெல்லிய அதிர்வு கொடுங்கள். ஜாஸ் பாடகர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். அந்த அதிர்வு விநாடிக்கு ஐந்தாறு தடவை வரும், சுரத்தைச் சுற்றியே இருக்கும். ராகத்தின் அடையாளத்தைச் சுமக்கும் கம்பித கமகத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சொல்லுக்குப் பதில் பொருளில்லாத ஒலிகளை வைத்து ஸ்காட் (scat) பாடுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1926-ல் பதிவு நடக்கும்போது பாட்டுத் தாள் கீழே விழுந்ததால் ஆம்ஸ்ட்ராங் வாய்க்கு வந்த ஒலிகளைப் பாடி இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்பது அழகான கதை. அந்தப் பதிவு நிஜம், அதன் செல்வாக்கும் நிஜம். கண்டுபிடித்தார் என்பது சரியில்லை, 1911-லேயே ஜீன் கிரீன் என்ற பாடகர் அப்படிப் பாடிய இசைத்தட்டு இருக்கிறது. கொன்னக்கோலிலிருந்துதான் ஸ்காட் பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வெறும் பெருமைப் பேச்சு. வேலையே வேறு: கொன்னக்கோல் சுரம் இல்லாத தாளம், கற்பனைசுரம் தன் பெயரையே சொல்லிக்கொண்டு போகும் சுரம், ஸ்காட் வாத்தியத்தைப் போல ஒலிக்க முயலும் குரல். எல்லா ஃபிட்ஜெரால்டு 1960-ல் பெர்லின் மேடையில் பாட்டு நடுவே வரிகளை மறந்துபோய், அங்கேயே புதிதாகச் சொல் கட்டி, ஆம்ஸ்ட்ராங் குரலையும் மிமிக்ரி செய்து முடித்தார். அந்தப் பதிவுக்கு கிராமி விருது கிடைத்தது. மேடையில் வரி மறப்பவர்கள் ஒருமுறை கேட்க வேண்டியது அது. மெட்டும் கார்டும் உள்ளே ஊறியிருந்ததால்தான் அவர் விழவில்லை. அந்த ஊறலுக்கு நீங்கள் செய்யக்கூடியது, ஒரு பாட்டின் கார்டுகளை மட்டும் கீபோர்டுக்காரரை வாசிக்கச் சொல்லி, மெட்டே இல்லாமல் ஒவ்வொரு கார்டின் காந்தாரத்தையும் "ஆ" என்று பிடித்துக்கொண்டே போவது.

எழுத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் குரலைக் கேட்காமல், கத்துவது மைக் தூரத்தாலா, சுருதியாலா, தொண்டையை இறுக்குவதாலா என்று யாராலும் தீர்ப்பு சொல்ல முடியாது. அதை நீங்களே பிரித்துப் பார்க்கலாம். ஒரே பாட்டை மூன்று விதமாக போனில் பதிவு செய்யுங்கள்: பழைய சுருதியில் ஒரு சாண் தூரத்தில், பழைய சுருதியில் இரண்டு விரல் தூரத்தில், மூன்று அழுத்தல் இறக்கி இரண்டு விரல் தூரத்தில். இரண்டாவதிலேயே சரியானால் மைக்தான் குற்றவாளி, மூன்றாவதில் சரியானால் சுருதி. மூன்றிலும் அதே கூர்மை இருந்தால் தொண்டை இறுகுகிறது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஆசிரியர் வேண்டும். பாடி முடித்த மறுநாள் குரல் கம்மி, சாயங்காலம் தெளிந்தால் ஓய்வும் தண்ணீரும் போதும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் பனங்கற்கண்டும் மிளகும் போதாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்கோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், குரல்நாணைக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அடுத்த திருவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.